ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டி வந்த மனநல வைத்தியம்

சர்க்கரை வியாதி வந்தால் அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்கிறோம். ரத்தக் கொதிப்பு என்றால் டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று யோசனை கூடக் கேட்கிறோம். வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் மட்டும் வாசற்கதவைச் சாத்திக் கொள்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் மாதங்கள் ஓடி விடுகின்றன. சில வீடுகளில் வருஷங்களே ஓடி விடுகின்றன.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கொல்லங்கோடு பக்கத்திலும், அட்டப்பாடி மலையிலும், இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், வட்டவடை, உடும்பன்சோலை, வண்டிப்பெரியாறு, குமுளி பக்கத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பயத்தோடு இன்னும் இரண்டு சங்கடங்கள் சேர்ந்து கொள்கின்றன. ஒன்று தூரம். மற்றொன்று பாஷை. காய்ச்சலுக்கு மருந்து வாங்க அரைகுறை மலையாளம் போதும். மனசில் இருப்பதை எடுத்துச் சொல்ல அது போதாது.

நம் தேசத்தில் மனநல வைத்தியம் பெரிய ஆஸ்பத்திரியின் மதிலைத் தாண்டி, மெதுவாகக் கிராமத்தை நோக்கி நடந்து வந்திருக்கிறது. அது எப்படி வந்தது, இப்போது எங்கே வந்து நிற்கிறது, நம் வாசற்படி வரை வர இன்னும் என்ன வேண்டும் என்பதை எல்லைப்புறத் தமிழர்கள் தெரிந்து கொள்வது அவசியம்.

மூன்று ஆட்சி, மூன்று மதில்

சென்னைப் பட்டணத்தில் 1794-லேயே சித்தம் கலங்கியவர்களுக்கான இல்லம் தொடங்கி விட்டது. பிறகு 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. இன்று 'கீழ்ப்பாக்கம்' என்றாலே ஜனங்கள் கேலியாகப் பேசும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது.

கேரளத்தில் மூன்று பெரிய மனநல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் உள்ளது 1870-ல் ஏற்பட்டது. கோழிக்கோடு குதிரவட்டத்தில் உள்ளது 1872-ல் ஏற்பட்டது. திருச்சூரில் உள்ளது 1889-ல் ஏற்பட்டது. இந்த மூன்றும் மூன்று ஆட்சிகளின் கீழ் பிறந்தவை. பாலக்காடு அன்று சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. குதிரவட்டம் அந்த ஜில்லாவின் தலைநகரில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டது. அந்த சமஸ்தானத்தின் ஆஸ்பத்திரி திருச்சூரில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை, அவற்றுக்குத் திருவனந்தபுரம். பீர்மேட்டிலிருந்து திருவனந்தபுரம் போவது இன்றைக்கும் ஒரு நாள் பிரயாணம். அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளின் முதல் நோக்கம் நோயாளியைக் குணப்படுத்துவதல்ல, ஊரைக் காப்பாற்றுவதுதான். 1912-ல் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த சட்டத்தின் பெயரே 'பைத்தியக்காரர் சட்டம்'. மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டால் ஆளை உள்ளே அனுப்பலாம். வெளியே வருவது அவ்வளவு சுலபமல்ல. உயரமான மதில், பெரிய பூட்டு, கைதிக்கும் நோயாளிக்கும் அதிக வித்தியாசம் இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் இந்தச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1987-ல் நிறைவேறிய மனநலச் சட்டம் 1993-ல் அமலுக்கு வந்த போதுதான் அது போனது.

நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1952-ல் பிரான்ஸ் தேசத்து டாக்டர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் பிதற்றிக் கொண்டிருந்தவர்கள் தெளிந்து பேசத் தொடங்கினார்கள். மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலேயே இருக்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

டாக்டர் போட்ட கூடாரம்

மருந்து வந்து விட்டது. சரி, வீட்டில் யார் பார்த்துக் கொள்வது? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் ஒரு டாக்டர் எளிமையாகப் பதில் சொன்னார். பஞ்சாபில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வித்யாசாகர், 1950-களில் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் அடித்தார். நோயாளியோடு தாயோ, மனைவியோ, அண்ணனோ வந்து தங்கலாம் என்றார். வியாதி என்ன, மருந்து என்ன, எப்படிப் பேச வேண்டும் என்று குடும்பத்தாருக்கும் சொல்லிக் கொடுத்தார். நோயாளிகள் சீக்கிரம் தேறி வீட்டுக்குப் போனார்கள்.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் இதே வழக்கம் வந்தது. நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்க வேண்டும். மேல்நாட்டு டாக்டர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கொள்ளும் ஜனங்கள்தானே நாம்.

பெல்லாரி காட்டிய வழி

அடுத்த கட்டம் கிராமத்துக்குப் போவது. 1975-ஐ ஒட்டி இரண்டு இடங்களில் இந்தப் பரிசோதனை நடந்தது. சண்டிகர் மருத்துவ ஸ்தாபனம் ஹரியானாவில் ராய்ப்பூர் ராணி என்ற ஊரை எடுத்துக் கொண்டது. பெங்களூரில் அப்போதுதான் உருவாகியிருந்த 'நிம்ஹான்ஸ்' ஸ்தாபனம் சக்கலவாரா என்ற கிராமத்தை எடுத்துக் கொண்டது. இரண்டிலும் கேட்ட கேள்வி ஒன்றே: மனநோய் டாக்டர் இல்லாத ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும் நர்சுமே மனோவியாதிக்கு வைத்தியம் பார்க்க முடியுமா?

முடியும் என்று தெரிந்தது. 1982-ல் மத்திய அரசாங்கம் தேசிய மனநலத் திட்டத்தை அறிவித்தது. திட்டம் காகிதத்தில் இருந்தது; அதை ஒரு முழு மாவட்டத்தில் செய்து பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் சுமார் 20 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த பெல்லாரி மாவட்டம் 1985-ல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே செய்தது பிரமாதமான வித்தை ஒன்றுமில்லை. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குக் கொஞ்ச நாள் பயிற்சி. நான்கைந்து முக்கியமான மருந்துகள் எப்போதும் கைவசம். வீடு வீடாகப் போகும் ஊழியருக்கு எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும் என்ற பாடம். கடினமான நோயாளிகளைப் பார்க்க மாவட்டத் தலைநகரில் ஒரு மனநோய் நிபுணர். காக்காய் வலிப்பையும் இதோடு சேர்த்துக் கொண்டார்கள். பேய் பிடித்தது என்று விரட்டப்பட்டவர்களில் பலருக்கு உண்மையில் இருந்தது வலிப்பு வியாதிதான்.

இந்தப் பெல்லாரி முறைதான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் பரவத் தொடங்கியது. முதலில் எடுத்துக் கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று.

ஏர்வாடியில் எரிந்தது

இத்தனை நடந்த பிறகும், 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந் தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

நாடே பதறியது. உச்ச நீதிமன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக் கொண்டது. அனுமதியில்லாத காப்பகங்கள் மூடப்பட்டன; அங்கே இருந்த நூற்றுக்கணக்கானோர் மீட்கப்பட்டார்கள்.

அவர்களை அங்கே கொண்டு போய் விட்டவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லி முடித்து விடலாமா? முடியாது. பெரும்பாலோர் ஏழைகள். பக்கத்தில் வைத்தியம் இல்லை. இருந்தாலும் அது நீண்ட நாள் வைத்தியம் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பகலெல்லாம் கூலி வேலைக்குப் போனால்தான் ராத்திரி அடுப்பு எரியும். நோயாளியை யார் பார்த்துக் கொள்வது? கடைசியில் பிரார்த்தனையை நம்பிக் கொண்டு போய் விட்டார்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வரும் பெண்களுக்கும், மூணாறு லயங்களிலிருந்து கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கும் இந்தக் கஷ்டம் நன்றாகவே தெரியும்.

பிரார்த்தனை வேண்டாம் என்று எந்த நல்ல டாக்டரும் சொல்வதில்லை. கோவிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோவிலுக்கும் போவதால் மனசுக்குத் தெம்பு கிடைக்கிறது. ஏர்வாடியிலேயே பிற்பாடு தர்காவுக்கு வருகிறவர்களுக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்தது. தவறு பிரார்த்தனையில் இல்லை. மருந்தை நிறுத்துவதிலும் சங்கிலி போடுவதிலும்தான் இருக்கிறது.

கேரளம் செய்திருப்பது

கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டம் இன்று 14 மாவட்டங்களிலும் இருக்கிறது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இதற்கான குழுக்கள் உண்டு. மனநோய் டாக்டர், உளவியல் நிபுணர், சமூகப் பணியாளர், நர்ஸ் ஆகியோர் அடங்கிய குழு குறிப்பிட்ட நாட்களில் வட்டார ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் வந்து நோயாளிகளைப் பார்க்கிறது. மருந்து இலவசம். தேறி வருகிறவர்கள் பகல் நேரத்தில் இருந்து கைத்தொழில் பழக 'பகல் வீடு' என்ற ஏற்பாடும் சில இடங்களில் இருக்கிறது. 2017-க்குப் பிறகு, வீடு வீடாகப் போகும் ஆஷா ஊழியர்கள் மூலம் மனநோயாளிகளைக் கண்டுபிடித்துச் சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை தரும் திட்டமும், குடும்ப சுகாதார மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் 'ஆசுவாசம்' திட்டமும் வந்தன.

அரசாங்கம் மட்டுமல்ல. புற்றுநோயாளிகளின் வலியைத் தணிக்கக் கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய இயக்கம், ஊர்க்காரர்களே நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளும் பெரிய தொண்டாக மலபார் முழுவதும் வளர்ந்தது. அதைப் பார்த்து, டாக்டர் மனோஜ் குமார் என்ற மனநோய் நிபுணர் 2008-ல் கோழிக்கோட்டில் 'மெண்டல் ஹெல்த் ஆக்ஷன் டிரஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஏழைகளுக்கு மட்டும், இலவசமாக, அவர்கள் ஊரிலேயே வைத்தியம். டாக்டர் வருவது எப்போதோ ஒரு நாள். மற்ற நாட்களில் வீட்டுக்குப் போய் மாத்திரை சாப்பிட்டாரா, தூங்கினாரா, வேலைக்குப் போகிறாரா என்று விசாரிப்பவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள்.

இது கேரளத்தில் மட்டும் நடப்பதல்ல. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' ஸ்தாபனம் மனச்சிதைவு நோயாளிகள் பிழைப்புக்குத் திரும்ப வழி தேடியது. இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு, அங்கோடை பெரிய ஆஸ்பத்திரியை மட்டும் நம்பியிராமல் மாவட்டந்தோறும் மனநல சேவையைக் கொண்டு போகும் கொள்கை வகுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில், பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வு உள்ளவர்களின் கதையைக் கேட்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்த பாட்டியிடம் ஜனங்கள் மனசு விட்டுப் பேசுகிறார்கள். ஏனென்றால் பாட்டி அவர்கள் பாஷையில் பேசுகிறாள்.

பாஷையும் மருந்துதான்

நம் விஷயத்துக்கு இங்கேதான் வர வேண்டும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படம் பேசும். ரத்தத்தில் கோளாறு என்றால் பரிசோதனைச் சீட்டு பேசும். மனோவியாதியில் நோயாளியின் பேச்சுதான் எக்ஸ்ரே. "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "யாரோ காதுக்குள்ள திட்டுறாங்க", "எதுலயும் பிடிப்பு இல்ல" என்று தமிழில் சொல்வதை அப்படியே மலையாளத்தில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? கூட வந்த மகனோ மகளோ மொழிபெயர்க்கிறார்கள். மாமியார் கொடுமையை மருமகள் எப்படிப் புருஷனை வைத்துக் கொண்டு சொல்வாள்? அப்பாவின் குடியைப் பற்றி அம்மா எப்படிப் பையன் வாயால் சொல்வாள்? அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஜனங்களுக்குச் சொந்தப் பேச்சு வேறு. அவர்கள் நிலை இன்னும் கஷ்டம்.

2017-ல் நிறைவேறி 2018 மே 29-ல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதில் நமக்குத் துணை நிற்கிறது. சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் முன், அதன் நன்மை தீமைகளை நோயாளிக்குப் புரிகிற பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறுகிறது. புரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகாது. தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமையைக் கேட்பது.

அந்தச் சட்டத்தில் இன்னும் சில அம்சங்கள் எல்லைப்புறத்துக்கென்றே எழுதியவை போல இருக்கின்றன. சிகிச்சைக்காக யாரையும் நெடுந்தூரம் அலைய விடக் கூடாது. வசிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வசதி இருக்க வேண்டும். மாவட்டத்தில் அரசாங்கத்தின் குறைந்தபட்ச வசதிகூட இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் இலவசம். குடும்பம் சேர்த்துக் கொள்ளவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது. எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருதி வைத்தியம் தர வேண்டும்.

மலை மேல் ஓர் உயிர்

2018 பிப்ரவரி 22-ந் தேதி அட்டப்பாடியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஓர் ஆதிவாசி இளைஞர். மனநலம் குன்றியவர். வீட்டை விட்டுக் காட்டில் பாறைக் குகையில் தங்கியிருந்தார். அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு கூட்டம் அவரைக் கட்டி இழுத்து வந்து அடித்தது. படமும் எடுத்துக் கொண்டார்கள். அவர் இறந்து போனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 13 பேருக்கு ஏழாண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கோர்ட்டுத் தீர்ப்பு வந்து விட்டது. அதற்கு முந்தைய கேள்வி பாக்கி இருக்கிறது. மனநலம் குன்றிய ஒருவர் காட்டில் பசியோடு திரிகிறார் என்பது ஊருக்குத் தெரியும். அவரை வைத்தியத்துக்குக் கொண்டு போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதது ஏன்? அப்படித் திரிகிறவரைப் பொறுப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்ப்பது போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை என்கிறது 2017 சட்டம். லாக்கப்பில் அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பாலக்காடு ஜங்ஷனிலும் வாளையார் செக்போஸ்ட்டிலும் குமுளி பஸ் நிலையத்திலும் இப்படித் திரிகிறவர்களைப் பார்த்தால், கல்லெறியும் பிள்ளைகளைத் தடுத்து, போலீசுக்குத் தகவல் சொல்வது நம் கடமை.

இன்னொரு ஆகஸ்ட் 6. 2020-ம் ஆண்டு அன்றிரவு மூணாறு ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. வீடு கட்டிக் கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம். மழைச் சத்தம் கேட்டால் தூக்கம் போய் விடுகிற மனசுக்கு என்ன கொடுப்பது? இத்தகைய துக்கத்துக்குக் காலமும் உறவும் மருந்து. அதையும் மீறிய கலக்கத்துக்குச் சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சையும் தமிழில்தான் நடந்தாக வேண்டும்.

கணக்கு சொல்லும் சேதி

2015-16-ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் (10.6 சதவீதம்) ஏதாவது ஒரு மனநலக் கோளாறோடு இருந்தார்கள். நோயைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு வைத்தியம் கிடைக்கவில்லை. அந்த 12 மாநிலங்களில் ஜனத்தொகைக்குத் தக்க மனநோய் டாக்டர்கள் அதிகம் இருந்தது கேரளத்தில்தான். அங்கேயும் லட்சம் பேருக்கு 1.2 டாக்டர் என்ற கணக்குதான் வந்தது. அவர்களில் மலையேறி வருகிறவர் எத்தனை பேர்?

தேசிய குற்றப் பதிவு அலுவலகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கில், இந்தியாவில் லட்சம் பேரில் 12.4 பேர் தற்கொலை செய்து கொண்டார்கள். தமிழ்நாட்டில் 25.9. கேரளத்தில் 28.5. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலைமை ஒன்றாகவே இருக்கிறது. ஏலத்தோட்டமும் மாந்தோப்பும் உள்ள வீடுகளில் பூச்சி மருந்தைப் பூட்டி வைத்துச் சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுப்பது சின்ன வேலை. அது உயிர் காக்கும். அபாயகரமான பூச்சி மருந்துகளைத் தடை செய்ததால் இலங்கையில் தற்கொலைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

குடும்பத்தார் கவனிக்க

தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நடமாடுவது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது, தனக்குத் தானே பேசிச் சிரிப்பது, குளிக்காமல் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்குவது, அளவுக்கு மீறிய உற்சாகத்தில் காசை வாரி இறைப்பது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று அடிக்கடி சொல்வது - இவை வேஷமுமல்ல, சோம்பேறித்தனமுமல்ல. வியாதியின் அடையாளங்கள். பிரசவமான பெண் குழந்தையைத் திரும்பிப் பார்க்காமல் அழுது கொண்டிருந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

முதலில் பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போய் மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். ஆஷா ஊழியரிடம் சொன்னாலும் வழி கிடைக்கும்.

மனநோய் மருந்துகள் உடனே வேலை செய்வதில்லை. பல மருந்துகளுக்கு இரண்டு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்தி விடுவதும், குணமாகி விட்டது என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தி விடுவதும்தான் வியாதி திரும்பி வர முக்கியக் காரணம்.

எல்லைப்புறத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அட்டப்பாடிக்காரர் ஆனைகட்டி வழியாகக் கோயமுத்தூர் போகிறார். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சி போகிறார். குமுளிக்காரரும் பூப்பாறைக்காரரும் தேனிக்கு இறங்குகிறார்கள். அங்கே தமிழ் பேசும் டாக்டர் கிடைக்கிறார், போவதில் தவறில்லை. ஆனால் அங்கே எழுதிய சீட்டு இங்கே உள்ள டாக்டருக்குத் தெரிவதில்லை. கம்பெனிப் பெயர் மாறுவதால் ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தடவை சாப்பிடுகிறவர்களும் உண்டு. ஆகவே மருந்தின் மூலப் பெயரையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதித் தரும்படி டாக்டரைக் கேளுங்கள். அந்த நோட்டை இரண்டு பக்கமும் கொண்டு போங்கள். மாதாமாதம் தூரம் போக முடியாவிட்டால், அதே மருந்து பக்கத்து சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்குமா என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அவசரத்துக்கு 14416 என்ற இலவச டெலிபோன் எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கேரளத்தில் கூப்பிட்டால் மலையாளத்தில் பதில் வந்தாலும் தயங்க வேண்டாம். தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

சட்டம் வந்து விட்டது, திட்டம் வந்து விட்டது என்று இருந்து விட்டால் எதுவும் மலையேறி வராது. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், அட்டப்பாடி பகுதிகளுக்கு வரும் மனநலக் குழுவில் தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று பஞ்சாயத்துகள் தீர்மானம் போடலாம். குழு வரும் தேதியைத் தமிழிலும் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டச் சொல்லலாம். தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் கூலி, போனஸ் பேசும்போது, தோட்டத்து டிஸ்பென்சரியில் இந்த மருந்துகள் இருக்க வேண்டும் என்பதையும், நோயாளியைக் கூட்டிப் போகும் நாளுக்கு லீவு வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசலாம். தமிழ்ப் பள்ளி வாத்தியார்கள், திடீரென்று வாய் மூடிப் போகும் பிள்ளையைக் கவனித்துப் பெற்றோரிடம் சொல்லலாம். படித்த இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், மலபாரில் நடப்பது போல வீடு வீடாகப் போய் விசாரிக்கும் தொண்டர் குழு ஒன்றை ஒவ்வொரு ஊரிலும் அமைக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு அரசாங்க உத்தரவு தேவையில்லை. அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சர்க்கரை வியாதிக்காரரை விசாரிப்பது போலவே, "மாத்திரை சாப்பிட்டாச்சா, இப்ப எப்படி இருக்கு?" என்று வாசலில் நின்று சாதாரணமாக விசாரியுங்கள். சாத்திய கதவு திறக்கும்.